படிக்குக் கீழே இருந்த பெட்டி

அத்தியாயம் 14

"கமெராக் கார்ட்டைக் கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு ஊர் சுத்துறாளாம். பிறகு எப்பிடிப் படம் வந்து சேரும்?"

போன ஞாயிற்றுக்கிழமை ரண்டர்ஸ் என்ற டேனிஷ் நகரில் ஒரு பிறந்தநாள் விழாவில் தவமலர் சொன்னது இது. திங்கட்கிழமை அது ஒடென்சேக்குப் போய், செவ்வாய்க்கிழமை வைலேக்கு வந்து அபிதாவின் காதில் விழுந்தபோது நன்றாகக் கொழுத்திருந்தது. ஒடென்சே தங்கமலர் அன்ரி நேரடியாகவே போன் எடுத்துக் கேட்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை, என்ரை மகளின்ரை கலியாணம் உன்ரை கைப்பைக்குள்ளையோ கிடக்குது? பேரப்பிள்ளை பிறந்தாப் பிறகோ நாங்கள் அதைப் பாக்கிறது?"

அபிதாவுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

அந்த வீடியோத் தொழிலைத் தவமலரும் அவள் தம்பி யதுர்சனும் சேர்ந்து தொடங்கினார்கள். தம்பியின் மனைவியாக வந்த அபிதா, முதியோர் இல்லத்து வேலை போக மிச்ச நாட்களில் கமெரா பிடிப்பாள். ரண்டர்சில் இருக்கும் தவமலர் அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுப் படமாக்குவாள். வைலேயில் மாமனார் இராசரத்தினத்தின் வீட்டுக் கொம்பியூட்டரில் அபிதா போடுவது, இன்ரநெற் வழியாகத் தானே ரண்டர்சுக்குப் போய்ச் சேரவேண்டும். முன்பெல்லாம் இரவு போட்டால் விடியச் சேர்ந்துவிடும். இந்த ஒரு மாதமாகத்தான் ஊர்கிறது.

லைனில் ஏதோ பிழை என்றாள் அபிதா. அபிதாவில்தான் பிழை என்றாள் தவமலர். சொன்னதோடு நிற்காமல் தீர்ப்பும் வழங்கிவிட்டாள். சனிக்கிழமை ஹேர்னிங் கலியாணத்துக்கு அபிதா வேண்டாம். தன் மகன் துஷாந்தன் படம் பிடிப்பான். வியாழக்கிழமை கமெராவைத் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டும்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

"கமெரா பாக் எங்கை வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டான் யதுர்சன். வேலைக்குப் போக ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஏன், இப்பவே பறிச்சுக்கொண்டு போகப் போறீங்களோ?"

"அதென்ன பறிக்கிறது? பின்னேரம் வேலையால வந்து எடுத்துக்கொண்டு போறன். அக்கா ரண்டர்சில பாத்துக்கொண்டிருப்பா."

"கொக்காவிட்டை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னனீங்களோ? ஒரே ஒரு வார்த்தை. 'அபி அண்டண்டைக்கே கார்ட்டைக் கொண்டுபோய் கொம்பியூட்டரில போடுறவள், நான் கண்ணாலை கண்டனான்' எண்டு?"

"அக்காவோடை ஆர் வாய் குடுக்கிறது?"

"அப்ப என்னோடை மட்டும் குடுக்கலாமோ?"

யதுர்சன் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினான். ஒரு சப்பாத்து நூலைக் கட்ட இவ்வளவு நேரம் எடுக்குமா என்று அபிதா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீர் ஏன் இதைப் பெரிசாக்கிறீர்? ஒரு கலியாணம்தானே. துஷாந்தனும் பழகட்டும்."

"பழகட்டும். எனக்கென்ன வயித்தெரிச்சலோ? ஆனா நான் கள்ளியெண்டு பேர் எடுத்துக்கொண்டோ அவனுக்கு இடம் விடவேணும்?"

"கள்ளியெண்டு ஆர் சொன்னது?"

"அடுத்தாக்களின்ரை கலியாணப் படத்தைக் கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு திரியிறவளை வேறையென்னெண்டு சொல்லுறது?"

யதுர்சன் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அபிதா கமெரா பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தாள். கமெரா கை மாறுவது பிறகு. படம் எங்கே நிற்கிறது என்பதை இன்றைக்கு அவளே கண்டுபிடிக்கப் போகிறாள்.

இராசரத்தினம் கதவைத் திறந்தார்.

"வா பிள்ளை. தேத்தண்ணி போடட்டோ?"

"பிறகு மாமா. கெல்டரில கொஞ்சம் வேலை கிடக்குது."

கெல்டர் என்றால் வீட்டுக்கு அடியில் இருக்கும் அறை. உடுப்புத் தோய்க்கும் மெஷினும் அரிசி மூட்டையும் ஒரு பக்கம், கொம்பியூட்டர் மேசை மறுபக்கம். அபிதா வழக்கமாக வந்து கார்ட்டைச் செருகி, படம் ஏறி முடிந்ததும் திரையை நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியும் இருந்ததில்லை.

இன்றைக்குக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

ஒடென்சே கலியாணம் அங்கேயே இருந்தது. தாலி கட்டு, கன்னிகாதானம், பொம்பிளையின் தகப்பன் மூலையில் நின்று கண்ணைத் துடைத்தது, எல்லாம் அவள் போட்ட அன்றைய திகதியோடு ஒன்றும் குறையாமல் இருந்தது. திரையின் கீழ் மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மீதி நேரம் பதினொரு நாள் என்று காட்டியது. அபிதா பார்த்துக்கொண்டிருக்கவே அது பதின்மூன்று நாள் ஆனது.

"போகப் போகக் கூடுமோடா?" என்று கொம்பியூட்டரிடமே கேட்டாள்.

படம் மூன்று தடவை கை மாறுகிறது என்பது அவளுக்குத் தெரியும். கார்ட்டில் இருந்து கொம்பியூட்டருக்கு. கொம்பியூட்டரில் இருந்து, எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் கறுப்புப் பெட்டிக்கு. பெட்டியில் இருந்து ரண்டர்சுக்கு. முதலாவதில் பிழையில்லை, படங்கள் கண் முன்னாலேயே இருக்கின்றன. ஆகவே மூன்றாவதில்தான், வெளியே போகும் லைனில்தான் பிழை என்று நினைத்தாள். இன்ரநெற் கொம்பனிக்குப் போன் எடுத்தாள். பாட்டு, மணியோசை, மறுபடி அதே பாட்டு. கடைசியில் ஒரு டேனிஷ் பெடியன் வந்தான்.

"ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாத்தனீரோ?"

"பாத்தாச்சு."

"திரும்பவும் ஒருக்கா?"

"தம்பி, நான் அதை நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டு அதுக்கும் தலை சுத்தியிருக்கும். லைனைப் பாத்துச் சொல்லும்."

இதையெல்லாம் அவள் டேனிஷில்தான் சொன்னாள். டேனிஷிலும் கோபம் கோபமாகத்தான் வந்தது.

"உங்கடை வீட்டு வாசல் வரைக்கும் லைன் திறமா இருக்குது," என்றான் அவன். "போற வேகமும் வாற வேகமும் முழுசா வருகுது. வீட்டுக்குள்ளை ஆராவது ஏதாவது மாத்தினவையோ?"

"எங்கடை வீட்டில ஒருத்தரும் ஒண்டையும் தொடமாட்டினம்," என்றாள் அபிதா விறைப்பாக. இவன் பெரிய நீதவான்!

போனை வைத்தபிறகு அந்தக் கேள்வி மட்டும் நின்றது. வெளி லைன் சரி. கார்ட் சரி. அப்படியென்றால் நடுவில், இந்த மேசைக்கும் பெட்டிக்கும் இடையிலா? ஒரு கையெட்டும் தூரத்திலா?

ஒரேயொரு பாட்டை எடுத்துப் பெட்டிக்கு அனுப்பிப் பார்த்தாள். கண் மூடித் திறக்கப் போகவேண்டிய பாட்டு. அபிதா எழுந்து தோய்க்கும் மெஷினுக்கு மேல் கிடந்த மாமாவின் சாரத்தை மடித்து, மேற்சட்டையையும் மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தாள். பாட்டு பாதி வழியில் நின்றது.

பெட்டி இருப்பது கெல்டர்ப் படிக்குக் கீழே உள்ள அலுமாரியில், ரவுட்டருக்குப் பக்கத்தில். அபிதா அலுமாரிக் கதவைத் திறந்தாள்.

ரவுட்டர் மினுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் தூசி. தூசிக்கு நடுவில் பெட்டி இருந்த அளவுக்குச் சதுரமாக ஒரு துப்பரவான இடம். மஞ்சள் கேபிள் தலை கழன்று, மாமாவின் பழைய குளிர்காலச் சப்பாத்துக்குள் விழுந்து கிடந்தது.

"மாமா!"

"என்ன பிள்ளை?"

"பெட்டியைக் காணேல்லை! கறுப்புப் பெட்டி!"

"ஏன் காணேல்லை? அது மேலை சாமியறையிலயெல்லோ இருக்குது."

அபிதா இரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

சாமியறை அந்த வீட்டின் மேல்மாடியில், முன்பு யதுர்சன் படுத்த சின்ன அறை. சரஸ்வதி படத்துக்குக் கீழே, பட்டுத் துணி விரித்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, செவ்வந்திப் பூ சூடி அமர்ந்திருந்தது பெட்டி. நாலு பச்சை லைற்றும் பயபக்தியோடு மினுங்கின.

"சரஸ்வதி பூசைக்கு வைச்சதை எடுக்கவேயில்லையோ மாமா?"

பூசை அன்று அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கமெராவையும் சாமியறையில் வைத்தார்கள். விஜயதசமி முடிந்து அவளே வந்து கமெராவை எடுத்துப் போனாள். பெட்டியையும் யாரோ கீழே கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

"எடுக்கத்தான் போனனான் பிள்ளை. பிறகு யோசிச்சுப் பாத்தன். அது வித்தை இருக்கிற பெட்டி. எத்தினை பேரின்ரை தாலி கட்டு அதுக்குள்ளை கிடக்குது. அதைக் கொண்டுபோய்ச் சப்பாத்துக்கு நடுவில வைக்கலாமோ? அதுவும் படிக்குக் கீழை. நாளாந்தம் எல்லாரும் அதின்ரை தலைக்கு மேலாலை மிதிச்சுக்கொண்டு ஏறி இறங்கிறது. நீயே சொல்லு."

அவர் சொல்வதில் அவருக்குரிய நியாயம் இருந்தது.

"அப்ப வயர் இல்லாமல் இது எப்பிடி வேலை செய்யுது?"

இராசரத்தினம் திரைச்சீலையை விலக்கிக் காட்டினார். சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி செருகியிருந்தது. கீழே ரவுட்டரில் இருந்து இரண்டு மாடி தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வரும் வைபையைப் பிடித்துத் தரும் சாமான். கலியாணம் முழுவதும் அந்த ஒற்றை ஒழுங்கைப் பாதையால்தான் பெட்டிக்கு ஏறுகிறது. ஏறினது திரும்ப அதே ஒழுங்கையால் இறங்கித்தான் ரண்டர்சுக்குப் போகிறது. இது ஊராமல் என்ன செய்யும்?

"இதை ஆர் மாமா கொழுவித் தந்தது?"

"யதுதான். வேறை ஆர்?"

அபிதாவின் கை கதவு நிலையைப் பிடித்தது.

"யதுவோ?"

"ஓம். நான் ஒருத்தரையும் கேக்காமல் செய்யமாட்டன் பிள்ளை. 'இஞ்சை வைச்சா வேகம் குறையும் அப்பா' எண்டு அண்டைக்கே சொன்னவன். 'குறைஞ்சாப் பரவாயில்லையோ தம்பி?' எண்டு கேட்டன். 'பாப்பம்' எண்டான். பிறகு ஒண்டும் சொல்லேல்லை. அதாலை எல்லாம் சரியெண்டு நினைச்சன்." அவர் அவள் முகத்தைப் பார்த்துத் தடுமாறினார். "ஏன் பிள்ளை? நான்தான் பிழை விட்டிட்டனோ?"

"நீங்கள் இல்லை மாமா. நீங்கள் கேட்டுத்தான் செய்தனீங்கள். தெரிஞ்ச ஆள்தான் வாய் திறக்கேல்லை."

ஒரு மாதம்! ஒரு மாதமாக அவள் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டு, அவள் ரவுட்டரையும் கொம்பனியையும் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, "இன்ரநெற் எண்டால் அப்பிடித்தான் அபி" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். இன்று காலை அவ்வளவு நேரம் சப்பாத்து நூல் கட்டியதும் இதற்குத்தான்.

கோபம் இருந்த சூட்டில் அவளுக்கு வேலை விறுவிறு என்று ஓடியது. பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னால் மாமாவின் முகம் சுருங்கிவிடும். மண்டபங்களில் இருந்து கலியாணத்தை நேரடியாக லண்டனுக்கும் கனடாவுக்கும் காட்டுவதற்காக வைத்திருந்த நீளக் கேபிள் சுருள் ஒன்று கெல்டரில் கிடந்தது. அதன் ஒரு தலையை ரவுட்டரில் குத்தி, படியோரமாக இழுத்துக்கொண்டு ஏறினாள்.

"மாமா, சாமியும் இருக்கட்டும், பெட்டியும் இருக்கட்டும். இந்த வயரும் வரட்டும்."

"கதவுக்கு அடியாலை விடு பிள்ளை. நான் ரேப் ஒட்டுறன்."

"கால் தடக்குப்படாமல் ஒட்டுங்கோ."

"என்ரை மகளை விட நீ நல்லா அதிகாரம் பண்ணுறாய்," என்று சிரித்தார் அவர். அபிதா சிரிக்கவில்லை.

கேபிள் ஏறியதும் கீழே ஓடிப்போய்ப் பார்த்தாள். அதே பாட்டு, அனுப்பிய கையோடு போய்ச் சேர்ந்தது. பதின்மூன்று நாள் என்று நின்றது மணித்தியாலமாகி, அதுவும் குறைந்துகொண்டே போனது. ஒடென்சே கலியாணம் கடகடவென்று ரண்டர்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆறுதல் வரும் என்று நினைத்தாள். மாறாக நெஞ்சு கொதித்தது. இவ்வளவுதானா? ஒரு வயர். இதற்காகவா அவள் ஊரெல்லாம் கைப்பைக்காரி ஆனாள்?

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. யதுர்சன் நேரே அப்பா வீட்டுக்குத்தான் வந்தான். கெல்டர்ப் படியில் ஒட்டியிருந்த கேபிளைக் கண்டதும் அவன் கால் நின்றது.

"என்ன, கண்டிட்டீங்களோ?" என்றாள் அபிதா கீழிருந்து. "பயப்பிடாமல் இறங்கி வாங்கோ. தடக்காது, மாமா ரேப் ஒட்டியிருக்கிறார்."

"அபி, நான் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப? நான் கமெராவை விட்டிட்டு வீட்டில குந்தினாப் பிறகோ?"

"அப்பா ஆசையா வைச்சவர். எடுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? அவரின்ரை மனம் நோகும்."

"அவரின்ரை மனம் நோகக்கூடாது. சரி. கொக்காவின்ரை மனமும் நோகக்கூடாது. அதுவும் சரி. என்ரை மனம் என்ன, கெல்டரில கிடக்கிற அரிசி மூட்டையோ?"

"நீர் உப்பிடிக் கதைக்காதையும்."

"எப்பிடிக் கதைக்கிறது? சொல்லித் தாங்கோ, அப்பிடியே கதைக்கிறன்."

யதுர்சன் கதிரையில் இருந்தான். முகத்தைக் கையால் துடைத்தான். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தில்தான் ஒரு மாதம் போனது என்று அபிதா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"போனை எடுங்கோ," என்றாள். "கொக்காவுக்கு அடியுங்கோ. பிழை எங்கை இருந்தது, ஆருக்குத் தெரிஞ்சிருந்தது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"நான் ரண்டர்ஸ் போய் ஆறுதலாச் சொல்லுறன்."

"இல்லை. இப்ப. எனக்குக் கேக்கவேணும். ஸ்பீக்கரில போடுங்கோ."

அவன் போட்டான். மணி இரண்டு தரம் அடிப்பதற்குள் தவமலரின் குரல் வந்தது. பின்னால் மிக்சி இரைந்தது.

"கமெராவோடை வெளிக்கிட்டிட்டியோ தம்பி?"

"இல்லை அக்கா. இது... பெட்டி விசயம். அபி கண்டுபிடிச்சிட்டா."

"எதை?" மிக்சி நின்றது. "சாமியறையில கிடக்கிறதையோ? நீ வாயை விட்டிட்டியோ? சனிக்கிழமை முடியுமட்டும் பொறு எண்டு உனக்கு எத்தினை தரம் சொன்னனான்! துஷாந்தன் ஒருக்காக் கமெராவைப் பிடிச்சிட்டா, பிறகு வயரை நானே மாத்தச் சொல்லியிருப்பன்."

யதுர்சன் கண்களை மூடிக்கொண்டான்.

தவமலர் தெரியாமல் சொன்னாள் என்றுதான் அபிதா இவ்வளவு நாளும் நினைத்தாள். தெரியாமல் சொன்னவளோடு சண்டை பிடிக்கலாம், சமாதானமும் ஆகலாம். தெரிந்துகொண்டு சொன்னவளை என்ன செய்வது?

"மச்சாள், நான் அபிதா. போன் ஸ்பீக்கரில கிடக்குது."



"நீ பிழையா விளங்கிப் போட்டாய் அபிதா," என்றாள் தவமலர்.

"நல்ல சரியா விளங்கினது. இந்த ஒரு மாதத்தில இண்டைக்குத்தான் எனக்கு எல்லாம் தெளிவா வந்து சேர்ந்திருக்குது."

"என்ரை பிள்ளை படிச்சுப்போட்டு வேலையில்லாமல் அறைக்குள்ளை கிடக்கிறான். சாப்பிடவும் வெளியில வாறானில்லை. எங்கடை தொழிலில அவனுக்கு ஒரு இடம் தேடினது பிழையோ?"

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அது நடிப்பில்லை என்று அபிதாவுக்குத் தெரிந்தது. இருந்தாலும் அவள் இறங்கவில்லை.

"பிழையில்லை. கேட்டிருந்தா ரண்டாவது கமெராவைக் குடுத்து என்ரை பக்கத்தில நிப்பாட்டியிருப்பன். நீங்கள் கேக்கேல்லை. என்ரை பேரைக் கெடுத்தெல்லோ அவனுக்கு இடம் பிடிச்சனீங்கள்."

படியில் காலடிச் சத்தம். இராசரத்தினம் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. முகம் கறுத்திருந்தது. கையை நீட்டினார்.

"போனை இஞ்சை தா பிள்ளை. நான் கதைக்கிறன் தவமலரோடை."

"வேண்டாம் மாமா." அபிதா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "நீங்கள் கதைச்சா அவ உங்களுக்குப் பயந்து ஓமெண்டுவா. எனக்கு அது வேண்டாம்."

அவர் கையை மெல்லக் கீழே போட்டார்.

"மச்சாள், கேளுங்கோ. நீங்கள் சொன்னது சபைக்கு நடுவில. அண்டைக்கு ரண்டர்சில இருந்த ஆக்கள் முக்காவாசியும் சனிக்கிழமை ஹேர்னிங்குக்கு வருவினம். தங்கமலர் அன்ரியும் வருவா. நானும் கமெராவோடை வருவன். அவையளுக்கு முன்னாலை நீங்களே சொல்லுங்கோ, அபிதாவின்ரை கைப்பைக்குள்ளை ஒண்டும் இருக்கேல்லை எண்டு."

"சபையில வைச்சு நான் உன்னட்டை மன்னிப்புக் கேக்கவேணுமோ?"

"மன்னிப்பு ஆருக்கு வேணும்? உண்மையைச் சொல்லுங்கோ."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நான் சொல்லுவன். எனக்குச் சொல்லத் தெரியாது எண்டோ நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்?"

"நாளைக்குக் காலமை ரெயினில வாறன்," என்றாள் தவமலர். "துஷாந்தனையும் கூட்டிக்கொண்டு வாறன்." போன் நின்றது.

சண்டைக்கு வருகிறாளா, சமாதானத்துக்கு வருகிறாளா என்று மூன்று பேருக்கும் விளங்கவில்லை. இராசரத்தினம் படியேறிப் போனார்.

அபிதா கமெரா பையைத் திறந்து பட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சார்ஜரில் போட்டாள்.

"அக்கா வாறன் எண்டவதானே," என்றான் யதுர்சன் தயங்கித் தயங்கி. "என்ன முடிவெண்டு தெரியாமல் ஏன் இப்பவே பட்டரி போடுறீர்?"

"முடிவு எனக்குத் தெரியும். நீங்கள் ஆரோடை ஹேர்னிங்குக்கு வரப்போறீங்கள், என்னோடையோ கொக்காவோடையோ எண்டதை மட்டும் யோசிச்சு வையுங்கோ."